மடி முடிச்சிலிருந்து பணப் பட்டுவாடா இயந்திரம் வரை



ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், பினாங்கிலிருந்து ஊருக்குப் பயணமான தோட்டத்து மக்கள் பணத்தை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். தூக்கத்திலும் கை மடியை விட்டு நகராது. வணிகர்கள் மட்டும் செட்டியாரிடம் உண்டியல் எழுதி வாங்கிக்கொள்வார்கள். இங்கே கட்டிய பணத்தை அங்கே தாளைக் காட்டிப் பெறலாம்.

பெரும் பணக்காரருக்கும் இந்தக் கவலை இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஃபார்கோ 1890-ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பா சென்றார். கையில் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் இருந்தும், பெரிய நகரங்களைத் தாண்டியதும் அதை மதிப்பார் இல்லை. கோபத்தோடு திரும்பியவர், தம்மிடம் பணியாற்றிய மார்செல்லஸ் பெர்ரியிடம் வழி கேட்டார். 1891-இல் பிறந்தது பயணிகள் காசோலை. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் பணம் கிடைக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் வங்கி திறந்திருக்க வேண்டுமே!

அந்தக் கதவைத் திறந்தவர் ஜான் ஷெப்பர்டு பாரன். 1925-இல் இந்தியாவின் ஷில்லாங்கில் பிறந்த பிரிட்டிஷ்காரர். காசு போட்டால் சாக்லேட் தரும் பெட்டியைப்போல் பணம் தரும் பெட்டி ஏன் இருக்கக்கூடாது என்று எண்ணினாராம். 1967 ஜூன் 27 அன்று, லண்டனின் வடபுறத்து என்ஃபீல்டில், பார்க்லேஸ் வங்கிச் சுவரில் அவருடைய இயந்திரம் இயங்கத் தொடங்கியது. அதில் அட்டை கிடையாது. தனிக் காகிதச் சீட்டைத்தான் செருக வேண்டும். ஒரு சீட்டுக்கு 10 பவுண்டு.

அட்டையையும் இரகசிய எண்ணையும் இணைக்கும் முறைக்கு 1966-லேயே காப்புரிமை பதிவு செய்தவர் ஜேம்ஸ் குட்ஃபெலோ என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 10 பவுண்டு மட்டுமே! உழைத்தவனுக்குக் கூலி எவ்வளவு என்ற கணக்கு தோட்டத்தில் மட்டும் இல்லை போலும்.

முதலில் ஒவ்வொரு வங்கியின் அட்டையும் அதன் சொந்த இயந்திரத்தில்தான் செல்லும். 1982-இல் அமெரிக்காவில் சிரஸ், பிளஸ் ஆகிய இணைப்புகள் தோன்றி, வங்கிகளை ஒன்றோடொன்று கோத்தன. பிறகு அவை கடல் கடந்தன. இன்று மதுரையில் அட்டையைச் செருகினால், அந்த இயந்திரம் இணைப்பின் வழியாக இங்குள்ள உங்கள் வங்கியைக் கேட்கிறது. இருப்பு உண்டா, எண் சரியா என்று பார்த்து வங்கி தலையசைத்ததும் ரூபாய் வெளிவருகிறது. இங்கே கணக்கில் ரிங்கிட் குறைகிறது. சில வினாடி வேலை.

இதற்குக் கட்டணம் உண்டு. உங்கள் வங்கியும் கேட்கலாம், அயல்நாட்டு வங்கியும் கேட்கலாம். ஆகவே சிறிது சிறிதாகப் பல முறை எடுப்பது நட்டம். "ரிங்கிட்டிலேயே கணக்கிடலாமா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் வங்கியில் கேளுங்கள்.

அட்டையை மட்டும் நம்பியும் போகக்கூடாது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று இந்திய அரசு அறிவித்தது. இயந்திரங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. தொடக்கத்தில் ஓர் அட்டைக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய்தான். கணக்கில் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் பலர் தவித்தனர். மாற்றிய பணம் கொஞ்சம் தனியே இருக்கட்டும். இரகசிய எண்ணை எழுதி அட்டையோடு சேர்த்து வைக்காதீர்கள். எண்ணைத் திரும்பத் திரும்பத் தவறாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும், அதைச் சரிசெய்யும் வங்கியோ கடலுக்கு இப்பால் இருக்கும்.