மெல்ல வளரும் மூளைக் கட்டிகளின் படிமக் கண்காணிப்பு

மெல்ல வளரும் மூளைக் கட்டிகளின் படிமக் கண்காணிப்பு என்பது, குறைந்த தரக் கிளையோமா போன்ற கட்டிகளின் அளவையும் தன்மையையும் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் எடுக்கப்படும் காந்த அதிர்வுப் படிமங்கள் (எம்.ஆர்.ஐ) வழியாக மதிப்பிடும் மருத்துவ முறையாகும். இக்கட்டிகளுட் பல காலப்போக்கில் வேகமாக வளரும் புற்றுநோயாக மாறக்கூடும். அம்மாற்றத்தை நோயாளி உணர்வதற்கு முன்னரே கண்டறிவது இதன் நோக்கமாகும்.

கட்டியின் இயல்பு

கிளையோமா, நரம்புக் கலங்களுக்குத் துணைபுரியும் கிளையல் கலங்களை ஒத்த கட்டியாகும். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இரண்டாம் தரக் கிளையோமாக்கள் மெல்ல வளர்பவை. பெரும்பாலும் இளவயதினரிடமும் நடுவயதினரிடமும் தோன்றும் இவற்றின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலிப்பு ஆகும். 2021 வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச் மரபணுப் பிறழ்வு இவற்றை இனங்காண்பதில் முதன்மையான இடம் பெறுகிறது. பாதுகாப்பாக இயன்ற அளவு கட்டியை அகற்றுவதே பொதுவான பரிந்துரையாகும். எஞ்சிய பகுதி கண்காணிக்கப்படுகிறது.

வளர்ச்சியை அளத்தல்

சிகிச்சை பெறாத இரண்டாம் தரக் கிளையோமாவின் விட்டம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 4 மி.மீ. கூடுகிறது. ஆகவே படிமங்கள் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு விட்டங்களின் பெருக்கம் 25% அல்லது அதற்கு மேல் கூடினால், அது நோய் முன்னேற்றமாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 30 மி.மீ. விட்டமுள்ள கட்டி ஆறு மாதத்தில் 32 மி.மீ. ஆகவும், அடுத்த ஆறு மாதத்தில் 34 மி.மீ. ஆகவும் வளர்கிறது எனக் கொள்வோம். முந்தைய படிமத்துடன் மட்டும் ஒப்பிட்டால், பெருக்கம் முறையே 14%, 13% அளவே கூடியிருக்கும். முதற் படிமத்துடன் ஒப்பிட்டால் 28% கூடியிருப்பது தெரியும். கோள வடிவக் கட்டியாயின் கன அளவு 45 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். எனவே முதற் படிமம் எப்போதும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுகிறது.

உயர்நிலைப் படிம முறைகள்

* குருதிப் பாய்வுப் படிமம்: கட்டியினுள் குருதிக் கன அளவு உயர்வது தரமாற்றத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம். எனினும் ஒலிகோடென்ட்ரோகிளையோமாவில் தரமாற்றம் இன்றியும் இது உயர்ந்திருக்கும்.
* காந்த அதிர்வு நிறமாலையியல்: கோலின் மிகுவதும் என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் குறைவதும் கட்டியின் செயற்பாட்டைக் காட்டுகின்றன. ஐ.டி.எச் பிறழ்வால் சேரும் 2-ஐட்ராக்சிகுளுட்டரேட்டையும் இம்முறையால் அறிய இயலும்.
* பெட் படிமம்: மூளை இயல்பாகவே குளுக்கோசை மிகுதியாக உட்கொள்வதால், குளுக்கோசு சார்ந்த பெட் படிமம் இங்குப் போதிய தெளிவு தருவதில்லை. அமினோ அமிலம் சார்ந்த பெட் படிமம் கூடுதல் பயன் தருகிறது.

வரம்புகள்

கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் திசு மாற்றம் கட்டியின் வளர்ச்சி போலத் தோன்றலாம். இது பொய் முன்னேற்றம் எனப்படுகிறது. ஐயம் எழும்போது சில வாரங்கள் கழித்து மீண்டும் படிமம் எடுக்கப்படுகிறது. சில நேரங்களில் திசு ஆய்வும் தேவைப்படும்.

சிகிச்சையில் பங்கு

ஐ.டி.எச் பிறழ்வுள்ள இரண்டாம் தரக் கிளையோமாவுக்கான வோராசிடெனிப் மருந்தின் ஆய்வு முடிவுகள் 2023 இல் வெளியாயின. நோய் முன்னேறாத இடைநிலைக் காலம் மருந்து பெற்றோரிடம் 27.7 மாதங்களாகவும், மற்றோரிடம் 11.1 மாதங்களாகவும் இருந்தது. இம்முன்னேற்றம் படிமங்கள் வழியாகவே அளக்கப்பட்டது. அமெரிக்கா 2024 இல் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950 இல் பி. இராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். அக்காலத்தில் எக்ஸ் கதிர்ப் படங்களும் குருதிக்குழாய்ப் படங்களும் போன்ற முறைகளே இருந்தன. அவற்றில் கட்டி நேரடியாகத் தெரிவதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் புதுச்சேரியை ஒட்டி அமைந்துள்ளது. இப்பகுதியினருக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரும், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அண்மையில் உள்ளன. வெவ்வேறு இடங்களில் படிமம் எடுக்கப்படும்போது கருவியும் வெட்டுத் தடிமனும் வேறுபடுவதால், சில மி.மீ. வளர்ச்சி மறைந்துபோகலாம். இயன்றவரை ஒரே வகைக் கருவியில் ஒரே முறையில் எடுப்பதும், அச்சிட்ட படங்களுடன் குறுந்தட்டில் உள்ள மூலக் கோப்புகளையும் முதல் நாளிலிருந்தே பாதுகாத்து வைப்பதும் சரியான ஒப்பீட்டுக்கு உதவும்.