விவிபேட் சீட்டு: தொகுதிக்கு 5 மெஷினை எண்ணினால் போதுமா? நாமக்கல் கணக்கில் ஒரு விளக்கம்

வாக்கு எண்ணிக்கையின் கடைசி சுற்று முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். அதுதான் விவிபேட் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பது.

விவிபேட் என்றால் என்ன?

பட்டனை அழுத்தியதும் சின்னத்தோடு ஒரு சீட்டு 7 விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுமே, அதுதான். மெஷின் காட்டும் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும்.

எத்தனை மெஷின்?

முன்பு சட்டமன்றத் தொகுதிக்கு 1. 2019 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் இதை 5 ஆக்கியது. நாமக்கல் மக்களவைத் தொகுதியில் சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு என 6 சட்டமன்றத் தொகுதிகள். ஆக 30 மெஷின். எந்தெந்த வாக்குச்சாவடி என்பது முகவர்கள் முன்னிலையில் குலுக்கலில் முடிவாகும். முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதுதான் இதன் பலம்.

30 போதுமா?

1,500 வாக்குச்சாவடிகளில் 100-க்கு 2 மெஷின், அதாவது 30 மெஷின் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் 30 எடுத்தால் ஒன்றாவது சிக்க வாய்ப்பு சுமார் 46%. 250 வாக்குச்சாவடி உள்ள ஒரே சட்டமன்றத் தொகுதியில் 5 எடுத்தால் சுமார் 10% மட்டுமே.

அப்படியானால் 479 என்ற எண்?

நாடு முழுக்க குலுக்கலில் 479 மெஷின் பார்த்தாலே போதும் என 2019-ல் நிபுணர் குழு சொன்னது. 2% கோளாறு இருந்தால் 99.99%-க்கு மேல் சிக்கிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அது நாட்டுக்கான பதில். பத்து லோடு முட்டையில் பொதுவாக சாம்பிள் எடுத்தால், நம்ம லோடு நல்லதா என்று தெரியாதே!

வேறு வழி?

வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்தால், முடிவை மாற்ற நிறைய மெஷின் தப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் பார்த்தாலே சிக்கும். வித்தியாசம் சில நூறு ஓட்டு என்றால் ஓரிரு மெஷினே போதும். அப்போது அதிகம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இப்படித்தான் சரிபார்க்கிறது.

இங்கே என்ன நிலை?

எல்லா சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ல் நிராகரித்தது. ஆனால் 2, 3-வது இடம் பிடித்தவர்கள் 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5% மெஷின்களின் மெமரியைச் சோதிக்கலாம் என்றது. செலவு அவர்களுடையது. முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும். வித்தியாசம் குறைந்தாலும், குலுக்கலில் எடுக்கும் எண் மட்டும் அதே 5 தான்.