சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனாலும்...

குற்றவியலையும் உளவியலையும் பல்கலைக்கழகத்தில் சேர்த்துப் படிப்பதால் பயனுண்டா என்று கலைப்பீட மாணவர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தொடர்பற்ற இரு துறைகளை இக்காலத்துப் பாடத்திட்டங்கள் வலிந்து இணைத்துவிட்டன என்பது அவர்களின் எண்ணம். வரலாறு வேறுவிதமாகவே கூறுகின்றது.

ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1847 இல் பிறந்த ஹான்ஸ் குரொஸ், விசாரணை நீதவானாகப் பணியாற்றியவர். சட்டநூல்கள் தண்டனையைக் கூறுகின்றனவேயன்றி, உண்மையைக் கண்டறியும் வழியைக் கூறவில்லை என்பதை அவர் தம் தொழிலில் உணர்ந்தார். 1893 இல் விசாரணை நீதவான்களுக்கான கைந்நூலை வெளியிட்டார். காலடித் தடமும் இரத்தக்கறையும் அதில் ஆராயப்பட்டன. 1898 இல் குற்ற உளவியல் பற்றிய நூல் வந்தது. குற்றவாளியின் மனத்தோடு சாட்சியின் மனத்தையும் நீதிபதியின் மனத்தையும் அது ஆராய்ந்தது. பின்னர் பிராக் நகரில் அவர் பேராசிரியராக இருந்தபோது அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர், தன் குற்றம் யாதென அறியாமலே விசாரிக்கப்படும் மனிதனைப் பின்னாளில் நாவலாக்கிய பிரான்ஸ் காஃப்கா. 1912 இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் குரொஸ் குற்றவியல் நிறுவகமொன்றை அமைத்தார்.

அக்காலத்திலேயே பேர்லினில் பேராசிரியர் வொன் லிஸ்ட்டின் சட்ட வகுப்பில் ஒரு சோதனை நடந்தது. இரு மாணவர்கள் வாக்குவாதப்பட்டனர். ஒருவர் கைத்துப்பாக்கியை உருவினார். வகுப்பே பதறியது. எல்லாம் முன்கூட்டி ஒத்திகை பார்த்த நாடகம் என்பதைப் பேராசிரியர் பின்னரே வெளிப்படுத்தி, கண்டவற்றை எழுதித் தருமாறு மாணவர்களைக் கேட்டார். மிகச் சிறந்த வாக்குமூலத்திலும் நூற்றுக்கு 26 பங்கு பிழையிருந்தது. மிக மோசமானதில் 80 பங்கு. ஹார்வார்ட் உளவியலாளர் ஹியூகோ மூன்ஸ்டர்பேர்க் 1908 இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்து, நீதிமன்றங்கள் உளவியலுக்குச் செவிசாய்க்க வேண்டுமென வாதிட்டார். சட்டத்துறையினர் அவரைக் கடுமையாகச் சாடினர்.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குரொஸின் கைந்நூலில் ஜிப்சிகளைப் பிறவிக் குற்றவாளிகள்போலச் சித்திரிக்கும் பகுதி உண்டு. அந்நூல் 1906 இல் ஆங்கிலமாக்கப்பட்டு வெளிவந்த இடம் சென்னை. இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்ப அதனைத் தழுவியமைத்தவர்கள் சென்னையின் அரச வழக்கறிஞர்கள். 1871 ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நூலால் சட்டம் வந்ததென்று நான் கூறவில்லை. ஆனால், ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் காணும் நோக்கு இரண்டுக்கும் பொதுவானது. அச்சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 இல் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 1913 இல், குரொஸின் தூண்டுதலால், உளப்பகுப்பாய்வாளரான அவருடைய மகன் ஒட்டோ கைதாகி மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். மனத்தை அறியும் கல்வி அதிகாரத்தின் கையில் எவ்வாறு மாறும் என்பதற்கு இவை சான்று.

அப்படியாயின் இக்கல்வி வேண்டாமா? அமெரிக்காவின் வட கரோலினாவில், பாதிக்கப்பட்ட பெண் உறுதியாக அடையாளங்காட்டியதை முதன்மையாகக் கொண்டு, ரொனால்ட் கொட்டன் என்பவர் 1985 இல் தண்டிக்கப்பட்டார். பத்தாண்டுகளுக்குமேல் சிறையிலிருந்த அவரை 1995 இல் மரபணுச் சோதனை விடுவித்தது; உண்மைக் குற்றவாளி வேறொருவர். அப்பெண் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவே தவறியது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையான முதல் 375 பேரின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் இத்தகைய தவறான அடையாளங்காட்டல் இருந்தது.

நீதிமன்றச் செய்திகளை எழுதியவன் என்ற முறையில் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான்: இரண்டையும் சேர்த்தே படியுங்கள். குற்றவாளியின் மனத்தை மட்டும் படித்தால், பெருங்காமநல்லூரில் நின்ற அதிகாரிகளின் பார்வையே உங்களுக்கும் வாய்க்கலாம். சாட்சியின் மனத்தையும் விசாரிப்பவரின் மனத்தையும் படித்தால், ஒரு நிரபராதியேனும் உங்களால் வீடு திரும்பக்கூடும்.