மருந்துக்கு மசியாத கிருமியும் அரசாங்கப் பணமும்

புது மருந்து கண்டுபிடித்தால் கம்பெனி விற்றுக் காசு பார்க்கலாம். ஆனால் "இந்த மருந்தைத் தனியாகக் கொடுக்காதே, இன்னொன்றோடு சேர்த்துக் கொடு" என்று கண்டுபிடிப்பதற்கு யார் செலவு செய்வார்கள்? பெரும்பாலும் அரசாங்கம்தான். இதற்கு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதை வைத்து 107 காசநோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1948-ல் வெளிவந்தது. முதல் சில மாதங்கள் அற்புதம்! பிறகு பலருடைய உடம்பில் கிருமி மருந்துக்கு மசியவில்லை. காரணம் எளிது. கோடிக்கணக்கான கிருமிகளில் சில இயல்பாகவே ஒரு மருந்தைத் தாங்கும். மற்றவை செத்ததும் அவை பெருகும். ஒரே கிருமி இரண்டு மருந்தையும் தாங்குவது மிக அபூர்வம்.

சரி, இரண்டு மருந்தை ஒரு வருடம் விடாமல் ஏழைகளுக்குக் கொடுப்பது எப்படி? ஆஸ்பத்திரிகளில் அத்தனை படுக்கை ஏது?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், அதே பிரிட்டிஷ் கவுன்சில் நான்கும் கைகோத்தன. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். நோயாளிகளில் ஒரு பாதியை மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டார்களா என்று சிறுநீரைக்கூடப் பரிசோதித்தார்கள்!

1959-ல் முடிவு வந்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பலன் குறைவு. மருந்தை எதிர்க்கும் கிருமிகள் வளர்ந்தன.

அந்த மையம் 1978-ல் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011-ல் தேசிய நிறுவனமானது. 1980-களில் அது மருந்து எதிர்ப்பைக் கணக்கெடுத்த இடங்களில் வட ஆற்காடு மாவட்டமும் ஒன்று. 1989-ல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை, இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

2013-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மற்ற கிருமிகளையும் கண்காணிக்க ஆஸ்பத்திரிகளை இணைத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. இதில் லாபக் கணக்கு பார்க்க முடியாது. 1956-ல் பார்த்திருந்தால், படுக்கை கிடைக்காத ஏழைக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைத்திருக்குமா?