தோல்ஷாப்பும் சேரியும்: மண்டலம் பிரித்தது யார்?



ஒரு நகரத்தின் தொழிற்பகுதியைக் குடியிருப்பு என்றோ வணிகம் என்றோ வகை மாற்றினால், அதை வெறும் வரைபட வேலை என்கிறார்கள். நம் ஊர்களில் மண்டலம் பிரிப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தோடு தொடங்கியதல்ல. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று கோடு கிழித்தபோதே அது தொடங்கிவிட்டது. சேவுகம்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை எந்த ஊரிலும் அந்தக் கோட்டைக் காண வரைபடம் தேவையில்லை.

திண்டுக்கல் தோல்ஷாப்புகளின் வரலாறு இதைச் சொல்லும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர் இது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை இந்தத் தொட்டிகளில் கண்ணால் பார்க்கலாம். பின்னர் குரோமியம் பரவியது. கழிவுநீர் குடகனாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது.

ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகள் வரக்கூடாது என்று தமிழக அரசு 1989இல் ஆணையிட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தடைப் பகுதிக்குள் இருக்கும் ஆலைகளை இடம் மாற்றச் சொல்லவும் வழி வைத்தது.

இந்தத் தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். கெட்ட தண்ணீரை முதலில் குடித்தவர்கள் நாம்தான். ஆனால் தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு கேள்வியையும் கையில் வைத்திருக்க வேண்டும். கிணறு வைத்திருந்தவர் பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். அந்த வயலில் கூலி வேலை இழந்தவர் எதைக் காட்டிக் கேட்பார்?

தொழிலாளியை மறக்காமலும் தீர்ப்பு எழுத முடியும். அதே 1996 ஜூலையில் டெல்லியின் 168 ஆலைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், இடம் மாறும் ஆலையில் வேலைத் தொடர்ச்சியும், ஓராண்டு ஊதியம் இடமாற்றத் தொகையாகவும் தொழிலாளர்க்கு உண்டு என்றது. டிசம்பரில் கல்கத்தா தோல் ஆலைகள் வழக்கிலும் தொழிலாளர் உரிமைகளைப் பேசியது. டெல்லியில், காலியான பெரிய ஆலை நிலத்தில் ஒரு பங்கை உரிமையாளர்கள் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கவும் வேண்டியிருந்தது.

ஆலை போனதும் நிலத்தின் விலை ஏறும். நஞ்சு மட்டும் மண்ணில் தங்கும். எனவே எந்தத் தொழிற்பகுதிக்கு வகை மாற்ற அறிவிப்பு வந்தாலும், ஆட்சேபக் கெடு முடிவதற்குள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மண்ணையும் நீரையும் யார் செலவில் சுத்தம் செய்வது? அங்கே உழைத்தவர்களுக்கு வேலை எங்கே? பக்கத்துச் சேரிக்குப் பட்டா எப்போது?

மகாட் குளத்தில் 1927இல் நாம் கேட்டது தண்ணீர் மட்டுமல்ல, பொது இடத்தில் நமக்குள்ள பங்கு. வகை மாறும் ஒவ்வொரு நிலத்திலும் நாம் கேட்க வேண்டியதும் அந்தப் பங்கைத்தான்.