வெயிலும் குருதியுறவும்: ஓர் அருந்தோல்நோயின் வரலாறு

வெலிமடைப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றருக்கு மேல் அமைந்தது. அங்குக் காற்றிற் குளிர்ச்சி மிகுதி. ஆதலின் வெயிலும் தணிந்ததே என்று கருதுவது வழக்கம். உண்மை வேறு. உடலுக்குச் சூடேற்றும் கதிரும் தோலைச் சிதைக்கும் கழியூதாக் கதிரும் ஒன்றல்ல. ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் பின்னதன் செறிவு பத்து வீதமளவிற் கூடுகின்றது. மெல்லிய முகில் அதனைப் பெரிதுந் தடுப்பதுமில்லை. கொழுந்து மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் பகல் முழுதும் நிற்போரின் கருந்தோல் இக்கதிரைத் தாங்கிக்கொள்கின்றது. தாங்கவியலாத தோலோடு பிறக்கும் குழந்தைகளும் உலகில் உளர்.

அத்தகைய நோயை வியன்னா நகர மருத்துவர் மொறிற்ஸ் கப்போசி, தம் ஆசான் ஹெப்றாவுடன் எழுதிய நூலில் 1874ஆம் ஆண்டு விவரித்தார். நோயாளியின் தோல் வறண்டு, எழுதுதோல் போலச் சுருங்கி, கரும்புள்ளிகள் நிறைந்து கிடந்தது. 1882இல் அவர் அதற்குச் 'சீரோடெர்மா பிக்மென்டோசம்' எனப் பெயரிட்டார். வறண்டு நிறமேறிய தோல் என்பதே பொருள். இலங்கைத் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் 1872இல் வந்ததென்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தோட்ட மருத்துவம், தொழிலாளியின் உழைப்பைக் குறைக்கும் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையுமே முதலிற் கண்டது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பும் அவ்வழிப்பட்டதே. குழந்தையின் முகத்துப் புள்ளியைப் படிக்கும் கண் அதற்கு வாய்க்கவில்லை எனல் தகும்.

ஒரே பெற்றோரின் மக்கள் பலர்க்கு இந்நோய் வருவது விரைவிற் புலனாயிற்று. உறவுமுறை மணத்திற்கும் அரிய பரம்பரை நோய்க்கும் உள்ள தொடர்பை 1902இல் ஆர்ச்சிபோல்ட் கறொட் வேறொரு நோயைக்கொண்டு விளக்கினார். தாய், தந்தை இருவரும் பழுதுற்ற ஒரே மரபணுவை வெளித்தெரியாது சுமப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன் மணம் அவ்வாறான இருவர் சேரும் வாய்ப்பைக் கூட்டுகின்றது. இதனைக்கொண்டு மலையக மணவழக்கைப் பழித்தல் முறையன்று. கடல் கடந்து வந்து லயங்களிற் சிதறிய மக்களுக்கு உறவே காப்பாயிருந்தது. அம்மணங்களிற் பிறந்தோரிற் மிகப் பெரும்பாலார் நலமுடையோரே. ஒரு பிள்ளைக்கு நோய் கண்ட குடும்பத்தில் அடுத்த பிள்ளையைப் பிறந்தநாள் முதலே வெயிலினின்று காத்தல்தான் இவ்வறிவின் பயன்.

வெயிலால் நோய் முற்றுவது ஏன் என்பது 1968 வரை மறைபொருளாயிருந்தது. கலிபோர்னியாவில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கிளீவர் இந்நோயைப் பற்றி அறிந்ததே ஒரு நாளிதழ்ச் செய்தியால் என்பர். கழியூதாக் கதிர் பட்டால் உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நலமுடைய உயிரணு அத்துண்டை வெட்டியெறிந்து புதிதாக நிரப்பும். இந்நோயாளரின் உயிரணுக்களில் அத்திருத்தம் நிகழவில்லை என்று அவர் காட்டினார். இத்திருத்த முறையை விளக்கிய அசீஸ் சங்கார், 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

திருத்தப்படாத பழுதுகள் சேர்ந்து புற்றாகின்றன. முதற் புற்று ஏறத்தாழப் பத்து வயதிலேயே தோன்றக்கூடும். கண்ணும் நாநுனியும் தப்புவதில்லை. ஆயின் இரண்டு வயதிற்கு முன்னரே குறி தெரிந்துவிடுகின்றது. நோயாளரிற் பாதியளவினர் சிறு வெயிலிலும் தோல் வெந்து கொப்புளிப்பர். ஏனையோர்க்குப் புள்ளி ஒன்றே அடையாளம். அவ்வயதுக் குழந்தையைத் தாய் கொழுந்தெடுக்கும் பகற்பொழுதிற் காண்பவள் பிள்ளைக்காம்பரா ஆயா. கருநிறக் குழந்தைக்கு அவ்வளவு சிறுவயதில் முகத்திலும் கழுத்திலும் புறங்கையிலும் புள்ளிகள் மண்டுவது இயல்பன்று. வெளிச்சத்திற்குக் கண் கூசவுஞ் செய்யும். சட்டையை நீக்கிப் பார்ப்பின், வெயில் படாத முதுகும் வயிறும் பெரும்பாலும் தெளிந்தே கிடக்கும்.