கொல்லிமலையில் உரிமையற்ற நில விற்பனை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மலைத்தொடர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் இம்மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் இந்நிலங்களை வாங்கச் சமவெளியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். விற்பவரிடம் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்துக்கு அடிப்படை. மலையில் இந்த விதி சமவெளியைவிட அடிக்கடி இடறுகிறது. ஏனென்றால், இங்கே கண்ணுக்கு ஒரே காடாகத் தெரியும் நிலம் சட்டப்படி பல வகை.

தாத்தா பெயரிலேயே பட்டா நிற்க, பிள்ளைகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து உழும் நிலம் ஒரு வகை. இதில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அவருடைய பங்கு மட்டுமே கைமாறும். யார் யார் வாரிசு என்பதிலும் சிக்கல் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பெண் வாரிசுகளை ஒதுக்கிவிட்டு எழுதும் பத்திரம் பின்னாளில் வழக்காக வந்து நிற்கலாம். 2025இல் உச்ச நீதிமன்றம் ஒரு பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு தந்திருக்கிறது.

அரசு ஒப்படை செய்த நிலம் இன்னொரு வகை. வருவாய் வாரிய நிலையாணை 15-40, பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. நிபந்தனையை மீறி விற்றால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலமோ வாரிசுகளுக்குச் சேரும், ஆனால் விற்க முடியாது. அதன் உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும்.

‘பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன?’ என்ற நம்பிக்கைதான் வாங்குவோரை அதிகம் ஏமாற்றுகிறது. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 2022இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-அ சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதன் முதல் உட்பிரிவைச் செல்லாது என்றது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பதே அதற்குச் சொன்ன காரணம். பட்டா வருவாய்க் கணக்கு மட்டுமே. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும், வாய்மொழிப் பாகப்பிரிவினை அதில் தெரியாது. ‘பவர்’ எழுதி வாங்குவதும் கிரயமாகாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

‘யாதொரு வில்லங்கமும் இல்லை; பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்’ என்று கிரயப் பத்திரத்தில் எழுதுவது வழக்கம். அந்த வரி இல்லாவிட்டாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவரைப் பொறுப்பாக்கி, பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு கொடுக்கவும் வைக்கும். தெரிந்தே ஏமாற்றியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. ஆனால், 2009இல் முகமது இப்ராகிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுணுக்கத்தை விளக்கியது. தன் பெயரிலேயே கையெழுத்திட்டுப் பிறர் நிலத்தை விற்றவர் பொய் ஆவணம் புனைந்தவர் ஆகமாட்டார். ஏமாந்தவர் வாங்கியவர்தான் என்பதால் மோசடிப் புகார் தரவேண்டியவரும் அவரே. ஆள்மாறாட்டம் செய்து கையெழுத்திட்டால் அது போலி ஆவணக் குற்றம்.

நிலத்துக்குரியவர் பழங்குடியினராகவும் அதைப் பிடித்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராகவும் இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். சட்டவிரோதமாக நிலத்தைக் கைப்பற்றுவதற்கும் வெளியேற்றுவதற்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் மாற்றுவது, 1970இல் திருத்தப்பட்ட ஒழுங்குமுறையின்படி, செல்லாது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்படி அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லை, பழங்குடி நிலமாற்றத்துக்கென முழுமையான சட்டமும் இல்லை. இது பெருங்குறை. தன் நிலத்தை வேறொருவர் விற்றுவிட்டதை அறியும் மலையாளிக் குடும்பம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சுவாதீனம் எதிராளியிடம் போய் 12 ஆண்டுகள் கடந்தால் அந்த வழியும் அடைபடும். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.